ஒரு தாலாட்டும் ஒரு கத்திரியும்

தோழர்களே, படம் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிடுறேன். 1936இல் வெளிவந்த சோவியத் படம் ‘சர்க்கஸ்’. இயக்கம் கிரிகோரி அலெக்சாந்த்ரோவ், இசை இசாக் துனயெவ்ஸ்கி. பாட்டு, கூத்து, சிரிப்புன்னு போகும். வெறும் கேளிக்கைன்னு தள்ளிட முடியாது.

தொடக்கம் அமெரிக்காவில். மேரியன் டிக்சன் என்கிற வெள்ளைக்காரச் சர்க்கஸ்காரி கைக்குழந்தையோட ஓடுறா, பின்னால கொலைவெறிக் கும்பல். கறுப்புக் குழந்தையைப் பெத்தது குற்றம். லியுபோவ் ஓர்லோவா நடிச்சிருக்காங்க. மாஸ்கோவுக்கு வந்த பிறகும், அவளை வச்சுப் பிழைக்கிற ஜெர்மன்காரன் அந்த ரகசியத்தைச் சொல்லியே மிரட்டுறான். அவ ஒருத்தனைக் காதலிச்சதும், நிறைஞ்ச அரங்கில் குழந்தையைத் தூக்கிக் காட்டுறான். கூட்டம் காறித் துப்பும் என்பது அவன் கணக்கு. நமக்குப் பழகின கணக்குதான். ஆனா கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்குது! குழந்தை கைமாறிக் கைமாறிப் போகுது. உக்ரேனியம், தாத்தார், ஜார்ஜியம், யித்திஷ் என்று அவரவர் மொழியில் தாலாட்டுகிறார்கள். தொட்டாலே தீட்டுங்கிற ஊரிலிருந்து வந்தவங்க அந்தக் கைகளைப் பார்க்கணும்.

ஆனால் குழந்தையின் கறுப்பு அப்பன் எங்கே? திரைக்கே வரல. 1932இல் அமெரிக்கக் கறுப்பர் வாழ்க்கையைப் படமெடுக்கக் கறுப்பர் குழு ஒன்று மாஸ்கோ போனது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதில் இருந்தார். அந்தப் படம் கைவிடப்பட்டது. குழுவில் போய் அங்கேயே தங்கிவிட்ட லாய்ட் பேட்டர்சனின் மகன் ஜேம்ஸ்தான் இந்தக் குழந்தை. கறுப்பன் வாய்திறந்து பேசுற படம் வரல, வாய்பேசாத பிள்ளை வந்துச்சு. (பின்னாளில் அவர் கடற்படை அதிகாரியானார், ரஷ்ய மொழியில் கவிதையும் எழுதினார்.)

அடுத்தது கத்திரி. யித்திஷில் பாடுபவர் யூத நாடகக் கலைஞர் சாலமோன் மிகோயல்ஸ். 1948 ஜனவரியில் மின்ஸ்கில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் அவரைக் கொன்றது, வண்டி மோதிய விபத்துன்னு ஜோடிச்சது. அதே அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கும் நடத்தியது. பிறகு தாலாட்டிலிருந்து அவர் பாடும் பகுதியை வெட்டினாங்க. ஒளிப்பதிவாளர் விளாதிமிர் நீல்சனை அதற்கு முன்பே, 1938இல், சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

இதனால அந்தக் காட்சி பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். பொய்யா இருந்தா வெட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. வெட்டின பகுதியைப் பின்னால மறுபடி சேர்த்துட்டாங்க. விளக்கை அணைக்கச் சொல்லுங்க தோழர். குழந்தை மிகோயல்ஸ் கைக்குப் போகும்போது யாரும் பேசாதீங்க.