யாழ் நூலும் இசைத்துறை மாணவரும்



வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலே அரங்கேற்றம் ஒன்று நடைபெறுமாயின் அச்செய்தியை அயலார் எல்லோரும் அறிவர். பட்டும் மாலையும் பாராட்டுரையுமாக அம்மாலைப்பொழுது கழியும். ஆனால், பல்கலைக்கழகத்தில் இசை கற்றுப் பட்டம் பெற்ற ஒருவர், மேலும் சில ஆண்டுகள் உழைத்து ஓர் ஆராய்ச்சி நூலை எழுதி முடித்தாரெனின், அது அடுத்த வீட்டுக்கும் எட்டுவதில்லை. பாடத் தெரிந்தவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உளர்.

இவ்வினாவுக்கு விடை தந்தவர் அந்த மிஷனைச் சார்ந்த துறவியே. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவர். 1943 முதல் தாம் மறைந்த 1947 வரை, கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த ஒரு கருவியின் இசையைக் கணக்கினாலே மீட்க முயன்றமை அந்நூலின் சிறப்பு. கணக்கு யாதெனில்: 36 அங்குல நீளமுள்ள நரம்பிலே குரல் என்னும் சுரம் ஒலிக்குமாயின், அதில் மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலத்திலே இளி, அதாவது பஞ்சமம், பிறக்கும். அவ்விளியைக் குரலாகக் கொண்டு மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு எடுக்கலாம். ஒலி மேல் ஸ்தாயிக்குச் செல்லுந்தோறும் நீளத்தை இரட்டித்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் தொடங்கிய இடத்துக்கே மீள்வோம் என்று மனம் எதிர்பார்க்கும். மீள்வதில்லை. 36 அங்குலம் கிடைக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலமே கிடைக்கும்.

இந்த அரை அங்குலம் அற்பமன்று. சுருதிகளை எவ்வாறு பகுப்பது என்ற வழக்கு இங்கேதான் எழுகின்றது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' சம அளவுள்ள 24 சுருதிகளை நிலைநாட்டியது. விபுலாநந்தரோ 22 என்றே கொண்டார். இருவரும் பழந்தமிழ் நூல்களையே சான்றாகக் காட்டினர். பெரியோர் இருவர் முரணுமிடத்தில் கைகட்டி நிற்பது மாணவருக்கு அழகன்று; நரம்பைக் கட்டி, காதாலும் அளவுகோலாலும் சோதித்தறிவதே அவர் கடமை.

அவ்வழியிலே சென்றவருள் ஒருவர், பாடகரும் வீணை வித்துவானுமாகிய எஸ். இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே 'சங்கீத பூஷணம்' பெற்றவர், மேடையிலே புகழடைந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின், அமெரிக்காவிலே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்காகப் பாடுவதை அவர் விட்டுவிடவில்லை என்பதை, மேற்சொன்ன பெற்றோர் கவனிப்பார்களாக.

இலங்கையில் இன்று இதற்கு இடமில்லாமல் இல்லை. மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பிலே விபுலாநந்தர் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. இவற்றில் இசை பயின்ற பட்டதாரிகள் பாடசாலைகளிலே ஆசிரியராகின்றனர். ஆயினும், பாடசாலை அவர்களை வரவேற்புக் கீதத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் மட்டுமே அழைக்கின்றது. அவர் கற்ற கணக்கு அவரோடேயே தங்கிவிடுகின்றது.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றில் இதனை மாற்றுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு மரப்பலகை, ஒரு கம்பி, இரண்டு ஆணி, ஓர் அளவுகோல் போதும். கணித ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரே பாடவேளையிலே வகுப்புக்குள் நுழைந்து, 24 அங்குலத்திலே விரல் வைத்துப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் கூறலாம்.