சிறிதாயினும் நிலையான அமல்



நமது புத்தளத்து உப்பளங்களில் உப்பு ஒரே நாளில் விளைவதில்லை. பாத்தி நீர் வெயிலில் சிறிது சிறிதாக வற்றியே விளைகிறது. மூளையின் நலனும் அவ்வாறே. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்பது நபிமொழி (புஹாரி, முஸ்லிம்).

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதியோர் 120 பேர் பங்குபற்றினர். ஓராண்டு, வாரத்தில் மூன்று நாட்கள் 40 நிமிடம் நடந்தோருக்கு, நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதி ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்தது. நடக்காது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தோருக்கோ அது சுருங்கியது.

இளைஞர்களே! பகலில் கற்றதை மூளை உறக்கத்திலேயே நிலைநிறுத்துகிறது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை. இஷாவின் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நள்ளிரவு வரை கைத்தொலைபேசியில் மூழ்குபவர் சுபஹையும் இழக்கிறார், பாடத்தையும் இழக்கிறார்.

பெற்றோர்களே! உபதேசிக்கும் முன், உங்கள் கைத்தொலைபேசியை நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். சுபஹுக்குப் பிள்ளையோடு பள்ளிவாசலுக்கு நடந்து செல்லுங்கள். அடுத்த தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் சென்றாலும் தலைக்கவசம் அணியச் செய்யுங்கள். அறிவு அல்லாஹ் தந்த அமானிதம். இன்றிரவே இவற்றுள் ஒன்றைத் தொடங்குங்கள், நாளையும் விடாதீர்கள்.

வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.