பணம் நம்முடையது, பயிற்சி எவர் மொழியில்?

(மசினகுடியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிற்பயிற்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் அரசு தரும் பணத்தை, இரப்போர்க்கு இடும் ஈகையென்று எண்ணுவார் பலர். நல்கை என்னும் பெயரில் வந்தாலும் அது நாம் இறுத்த வரியே. தீப்பெட்டிக்கும் வழலைக்கட்டிக்கும் வரி கொடாத ஏழை இம்மலையில் உளனோ? ஆகவே, அப்பணம் எவ்வாறு செலவாகின்றது எனக் கேட்பது நம் உரிமை. கேளாதிருப்பது நம் மடமை.

வேலை கொடுத்தல் வேறு. தொழில் கற்பித்தல் வேறு. நமக்கு அண்மையிலுள்ள சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிற்று. அங்கேயே மலையைக் குடைந்து அமைத்த 150 மெகாவாட்டு நிலையம் 2005இல் இயங்கலாயிற்று. இத்தகைய பணிகளில் மண்சுமந்த கைகளுக்குக் கட்டுமானம் முடிந்த அன்றே கூலியும் முடிந்துவிடுகின்றது. பொறியை இயக்கக் கற்ற கைகளுக்கோ வேலை நிலைக்கின்றது. பயிற்சியின் அருமை இதுவே.

இனி, அப்பயிற்சியின் பெயரைப் பாருங்கள். சிற்றூர் இளைஞர்க்கென 2014இல் நடுவணரசு தொடங்கியதன் பெயர் ‘தீன் தயாள் உபாத்யாய கிராமீண் கௌசல்ய யோஜனா’. 2015இல் வந்தது ‘பிரதான் மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா’. சிற்றூர்த் திறன் திட்டம், தலைமையமைச்சர் திறன் வளர்ப்புத் திட்டம் என்றால் எவர்க்கு விளங்காது? முன்னதன் செலவை நடுவணரசும் மாநிலமும் 60க்கு 40 எனப் பகிர்ந்துகொள்ளும் என்பது ஏற்பாடு. நாற்பது பங்கு நாம் கொடுத்தும் பெயரில் ஓர் எழுத்துகூட நமதில்லை! பெயரே நாவில் நுழையாதபோது, அலுவலகத்துட் சென்று ‘எனக்கு இது வேண்டும்’ என்று இருளர்குடி இளைஞன் எவ்வாறு கேட்பான்?

2022 மார்ச்சில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பெயர் எவர்க்கும் விளங்கும். மகிழ்ச்சியே. ஆனால் வாயிலில் தமிழ் எழுதினால் மட்டும் போதாது. வகுப்பிலும் கையேட்டிலும் தேர்விலும் தமிழ் நிற்றல் வேண்டும்.

தெப்பக்காட்டு யானை முகாமை அறியாதார் நம்முள் இலர். அங்கும் ஆனைமலைக் கோழிகமுத்தியிலும் பணியாற்றும் பாகரும் காவடிகளுமாகிய 91 பேருக்கு ஆளுக்கு ஓரிலக்கம் உருபாவும், வீடு கட்ட 9 கோடியே 10 இலக்கமும் 2023இல் மாநில அரசு அறிவித்தது. அவர்களுள் 13 பேரைத் தாய்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப 50 இலக்கம் ஒதுக்கிற்று. நற்செயலே. எனினும் நான் கேட்பது ஒன்றுண்டு. அப்பதின்மூவர் கற்றது ஏனையோர்க்குத் தமிழில் நூலாகக் கிடைக்கவேண்டாவா? யானையின் நோயையும் மதத்தையும் நடையைக் கண்டே உணரும் குறும்பர் முதியோரைப் பயிற்றுநராக அமர்த்தி ஊதியம் தந்தால், நல்கை இருமடங்கு பயன் தராதா? களிறு, பிடி, வேழம், கைம்மா, உம்பல் எனப் பெயரிட்ட இனத்துக்கு யானைக்கலை எழுதச் சொல் பஞ்சமோ?

“ஆங்கிலமின்றி வேலை ஏது?” என்பர் சிலர். ஆங்கிலத்தைக் கருவியாகக் கற்கட்டும், தடுப்பார் யார்? ஆனால் மின்கம்பியைத் தொடுமுன் எச்சரிக்கையை எம்மொழியில் சொன்னால் உயிர் பிழைக்குமோ, அம்மொழியில்தான் தொழிலைக் கற்பிக்கவேண்டும். இருளர்க்கும் குறும்பர்க்கும் வீட்டுமொழி தனியே உண்டு. அவர்தம் சொல்லறிந்த ஆசிரியரையே அவர்க்கு அமர்த்துதல் முறை.

ஆகவே மூன்று கேளுங்கள். ஒன்று, பெயரும் பாடமும் தேர்வும் தமிழில். இரண்டு, இம்மண்ணில் செய்யத்தக்க தொழில். மூன்று, வந்த பணம், பயின்றோர், வேலை பெற்றோர் ஆகிய மூன்று கணக்கையும் ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதுதல். அடுத்த ஊரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று இம்மூன்றையும் கேளுங்கள். வாய்திறவாதவன் பங்கு வேறொருவன் வாயிற்படிக்கே செல்லும்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்பு!