முடக்கறுத்தானும் சோதனைக் குழாயும்



வெள்ளி விழா மேடையில் ஒரு வேலிக்கொடியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். மூட்டு வலி கண்டால் முடக்கறுத்தானை ரசமாகவும் தோசையாகவும் ஆக்கித் தருவது நம் இல்லங்களின் வழக்கம். முடக்கை அறுப்பது என்பதே பெயரின் பொருள். அப்பெயர் மெய்யா என்பதை ஆய்வுக்கூடம் எவ்வாறு சோதிக்கிறது?

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிக்கின்றனர். உடலில் தோன்றும் நிலையற்ற தனியுறுப்புகள் மிகுந்தால் செல்கள் கெடும். அவற்றை அடக்கும் ஆற்றல் அச்சாற்றுக்கு உண்டா என்று அறிய, டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறக் கரைசலில் அதைக் கலக்கின்றனர். ஆற்றல் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 1958-இல் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இது. பக்கத்தில் வைட்டமின் சி ஒப்புக்கு வைக்கப்படும்; ஒப்பு இல்லாத சோதனை சோதனையே அன்று.

அடுத்ததைச் சமையலறையிலேயே காணலாம். முட்டை வெண்கரு சூட்டில் வெளுத்துத் திரள்கிறதே, அதுவே புரதம் இயல்பிழத்தல். மூட்டழற்சியில் உடற்புரதம் இயல்பு மாறுவதற்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. ஆகவே வெண்கருக் கரைசலில் சாற்றைக் கலந்து, 70 டிகிரி செல்சியசில் சூடேற்றி, கலங்கல் எவ்வளவு குறைந்தது என அளக்கின்றனர். இங்கே ஒப்பு, டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து.

இளைஞர்களே, குழாயில் முட்டைப் புரதத்தைக் காத்த சாறு, பாட்டியின் முழங்காலையும் காத்துவிடும் என்று பொருளன்று. அது குடலைக் கடந்து இரத்தத்தில் சேருமா, ஈரலுக்குத் தீங்கா என்பதைக் குழாய் சொல்லாது. அதற்கு விலங்குகளிடத்தும், பின்னர் மனிதரிடத்தும் முறையான ஆய்வு வேண்டும். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று புட்டியில் அச்சிடுவோர் எந்த ஆய்வு என்று சொல்வதில்லை. முடக்குவாதத்துக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அப்புட்டியை நம்பியோரின் விரல்கள் கோணிப்போனதை நம் தெருக்களில் கண்டிருக்கிறோம். கூலிக்குச் செல்வோருக்கு விரலன்றோ முதல்! ரசம் உண்ணுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி வழக்காடியபின், 1997-இல் அது நீக்கப்பட்டது. எழுத்தில் இருந்ததால் மீண்டது. நம் பாட்டிமார் அறிந்தவற்றுள் பல ஏட்டில் ஏறவில்லை. எழுத்தே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. எந்த இலை, எப்பருவத்தில் பறிப்பது, என்ன பக்குவம் என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். நோட்டு வாங்க இயலாத பிள்ளைகள் நம் பள்ளிக்கு வரட்டும், தருகிறோம்.