டிரைவர் ஓனரான கணக்கு

(பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் நிலவுடைமை பற்றி விரிவாகப் பேசினார். எனக்கு நிலம் கிடையாது. நான் லாரி பற்றிப் பேசுகிறேன். அதுவும் கடைசியில் நிலத்தில்தான் போய் நிற்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் காலனிப் பையன் ஒருவன். 26 வயசு, ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, அடுத்தவன் வண்டிய ஓட்டி நீங்க என்ன கண்டீங்க? நான் சொந்தமா ஒரு டாரஸ் எடுக்கப் போறேன். அம்மா பேர்ல இருக்குற வீட்ட வெச்சா முன்பணம் ஆயிரும்" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அவன் ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் பதினாறு வருசம் அடுத்தவர் வண்டி ஓட்டியவன் நான். மகாராட்டிரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ஓனர் வீட்டு வாசலில் கணக்கு ஒப்படைக்க நின்றால், டம்ளர் தனியாக வரும். பத்து லட்சம் பெறுமான வண்டியை நம்பிக் கொடுத்த ஆள், ஒரு டம்ளரை நம்பிக் கொடுக்க மாட்டார். சொந்த வண்டி எடுத்தால் அந்த வாசலில் நிற்க வேண்டாம். இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்பதைத்தான் நாம் யாரும் கணக்குப் போடுவதில்லை.

2016 ஏப்ரலில் எடுத்தேன். பழைய வண்டி, பத்து சக்கரம், 12 லட்சம். சீட்டுப் பணமும் மனைவி நகையுமாக என் கையிலிருந்து 3 லட்சம். மீதி 9 லட்சம் ஒரு பைனான்சில். "வட்டி 9 சதம்தான்" என்றார்கள். நாலு வருசத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம் வட்டி, மாசத் தவணை 25,500. சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த 9 சதம் முழு அசலுக்கும் போடுகிற வட்டி. பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் 9 லட்சத்துக்கே வட்டி ஓடும். குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 16 சதம். கல்லூரியில் படிக்கிற நண்பர்கள் இந்த ஒரு கணக்கை ஊருக்குப் போய்ச் சொன்னாலே பெரிய இயக்க வேலை.

இப்போது 2017. அது நல்ல வருசம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக் பக்கம் இறக்கி, அங்கே வெங்காயம் ஏற்றித் திரும்புவேன். போகவர 2,500 கிலோமீட்டர், 16 டன். இரண்டு பக்க வாடகையும் சேர்த்து 80,000 வரும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் 625 லிட்டர். அன்றைக்கு டீசல் 60 ரூபாய், ஆக 37,500. டோல் 12,000. கிளீனர் சம்பளம், எங்கள் சாப்பாடு 6,000. ஏற்றுகூலி, புரோக்கர் கமிஷன், வழியில் நீட்டுகிற கைகளுக்கு மாமூல் எல்லாம் சேர்த்து 7,000. போக ஒரு நடைக்கு 17,500 நிற்கும். மாசம் மூணு நடை, 52,500. வீட்டில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள்.

அதில் தவணை போனால் 27,000. டயருக்கு மாசம் 12,000 ஒதுக்கணும். இன்சூரன்ஸ், டாக்ஸ், பர்மிட், எஃப்.சி. எல்லாம் மாசக் கணக்கில் 6,500. ரிப்பேர் 4,000. மிச்சம் 4,500 ரூபாய்.

நான் கூலி டிரைவராக இருந்தபோது சம்பளமும் படியும் சேர்த்து 18,000 வாங்கினேன்.

"தவணையில் அசல் அடைகிறதே, வண்டி உங்களுடையது ஆகிறதே" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. மாசம் 18,750 அசல் அடைகிறது. ஆனால் வண்டி தேய்கிறது. 12 லட்ச வண்டி நாலு வருசத்தில் 6 லட்சத்துக்குப் போனால் அதிர்ஷ்டம். அப்படியென்றால் மாசம் 12,500 தேய்மானம். 4,500-உடன் 18,750-ஐக் கூட்டி 12,500-ஐக் கழியுங்கள். 10,750. ஆக, ஓனர் என்ற பெயருக்காக என் சொந்தக் கூலியிலேயே மாசம் 7,250 ரூபாயை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். என் 3 லட்சத்துக்கு வட்டி போட்டால் இன்னும் கூடும். என்னைச் சுரண்டியவன் நானேதான். கையில் புரண்ட காசை இலாபம் என்று நினைத்தேன். அது எனக்கு நானே கொடுக்காத சம்பளம்.

அது நல்ல வருசம். 2018-ல் மூன்று அடி விழுந்தது. டீசல் ஏறிக்கொண்டே போய் அக்டோபரில் 80-ஐ நெருங்கியது. நடைக்கு 12,500 கூடுதல். வாடகை ஏறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஏறியது. தாமதமாக, அதில் பாதிகூட இல்லாமல். ஜூலையில் எட்டு நாள் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம். சக்கரம் நின்றது, தவணை நிற்கவில்லை. அதே ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. பத்து சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆனது. ஓனருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஒரே ராத்திரியில் எல்லா வண்டியும் கொஞ்சம் பெரிசானால், புது வண்டி ஒன்றுகூட ரோட்டுக்கு வராமலே லோடுக்குப் போட்டி கூடுகிறது. வாடகை இறங்குகிறது.

34 தவணை கட்டியிருந்தேன். மூணு நின்றது. 2019 மே கடைசியில் ஒரு டோல்கேட்டில் நாலு பேர் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கினார்கள். ஆள் வைத்து மிரட்டி வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது என்று பிறகு ஒரு வக்கீல் தோழர் சொன்னார். ராத்திரி ரெண்டு மணிக்கு டோல்கேட்டில் அந்தத் தீர்ப்பை யாரிடம் காட்டுவது? வண்டியை ஏலம் விட்டார்கள். எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் வந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். என் பழைய ஓனருக்கும் அதே ரோடு, அதே டீசல், அதே 2018. அவர் விழவில்லை. ஏன்? அவருக்கு ஆறு ஏக்கர் தோட்டம், கிணறு. தோட்டத்தை வைத்து பாங்கில் என் வட்டியில் முக்கால்வாசிக்கும் குறைவாகக் கடன். பங்க் அவருடைய மச்சான் வைத்திருக்கிறார். டீசலுக்கு ஒரு மாசம் பொறுப்பார். பாடி கட்டும் பட்டறை பெரியப்பா மகன். புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் பங்காளி. நல்ல லோடு முதலில் அங்கே போகும். அஞ்சு வண்டியில் ஒன்று நின்றாலும் நாலு ஓடி அதன் தவணையைக் கட்டும். அவர் கெட்டிக்காரர், நான் மறுக்கவில்லை. ஆனால் சாதி அவருக்கு வட்டியில்லாக் கடனாக இருக்கிறது. நமக்கு அதே சாதிதான் கூடுதல் வட்டி.

என் வண்டியில் கண்ணாடிக்கு மேலே அண்ணல் படம் வரைந்திருந்தேன். புக்கிங் ஆபீசில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் படத்த எடுத்துட்டு வேற ஏதாச்சும் சாமி படம் வைப்பா, லோடு தானா வரும்" என்றார். நான் எடுக்கவில்லை. லோடுக்காக இரண்டு நாள், மூணு நாள் காத்துக் கிடந்தேன். அதையும் செலவில் எழுதுங்கள்.

அரசுக் கடன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1974-ல் தொடங்கிய தாட்கோ இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் என்று ஒரு திட்டம் அறிவித்தது. நான் கேட்கப் போன கிளையில் ஜாமீனுக்கு என்ன இருக்கு என்றார்கள். நிலம் இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? இன்னொன்றும் பார்த்திருக்கிறேன்: நம் ஆள் பேரில் மானியக் கடன், வண்டி இன்னொருவர் வீட்டு வாசலில். கையெழுத்து போட்டவர் அதே வண்டியில் கூலி டிரைவர்.

அதனால் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொன்னால் நம்மை என்றைக்கும் ஸ்டீயரிங்கோடு நிறுத்திவிட நினைப்பவனும் நானும் ஒன்றாகிவிடுவோம். பையனிடம் சொன்னேன்: உன் சம்பளத்தை முதல் செலவாக எழுது. அதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் வண்டி சம்பாதிக்கிறது. ஆறு மாசத் தவணைப் பணம் கையில் இல்லாமல் சாவியைத் தொடாதே. என் கணக்கில் அது 1,53,000. மில்லோ கம்பெனியோ வருசம் முழுக்க இத்தனை நடை என்று ஒப்பந்தம் கொடுத்தால் பார், புரோக்கரை நம்பி இறங்காதே. உன்னை மாதிரி நாலு டிரைவர் சேர்ந்து இரண்டு வண்டி எடுக்க முடியுமா யோசி. அம்மா வீட்டை மட்டும் வைக்காதே. டீசல் இன்றைக்கு 90-க்கு மேலே.

கோபித்துக்கொண்டு போனான். நேற்று மறுபடி வந்தான். ஒரு மில்லில் மாசம் எட்டு நடை தருவதாகச் சொல்கிறார்களாம். எழுத்தில் வாங்கி வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வருகிறேன் என்றிருக்கிறான்.