பிள்ளைகள் சொல்லும் உறுதிமொழி



காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். நாட்டு மக்கள் எல்லாரையும் உடன்பிறந்தவர்களாக ஏற்கும் உறுதிமொழி.

அதை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர். 1962-இல் எழுதினார். தன் தாய்மொழியான தெலுங்கில்தான் எழுதினார்.

நாடு முழுக்கப் பள்ளிகளில் இதைச் சொல்லலாம் என்ற யோசனை உருப்பெற்றது எங்கே தெரியுமா? நம்ம பெங்களூரில். 1964-இல் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையில் இங்கே ஒரு கூட்டம் நடந்தது. அடுத்த குடியரசு தினத்திலிருந்து பள்ளிகளில் சொல்லத் தொடங்கினார்கள். இது சுப்பாராவுக்கே பல காலம் தெரியாதாம். பேத்தி பாடப்புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது என்பார்கள்.

இன்றைக்கு இதே பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஒரே பெஞ்சில் தமிழ் பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை. மூன்று பேரும் டிபன் டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். உடன்பிறப்பு என்பதன் பொருள் அவர்களுக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதுவும் தேசபக்திதான். உறுதியாகச் சொல்கிறேன், அதுவும் தேசபக்திதான்.

ஆனால் நாம் உறுதிமொழியை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பொருள் கேட்பதில்லை. இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "உடன்பிறந்தவர் என்று சொல்கிறாயே, யார் யாரெல்லாம்?" பிள்ளை யோசித்துச் சொல்லட்டும். நடுவில் திருத்தாமல் கேளுங்கள்.