மேடையில்லா மாநாடும் நம் கூடுகையும்

(வேடந்தாங்கலில் கூடிய இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கணினித் துறையினர் உலகெங்கும் நடத்திவரும் ஒருவகைக் கூட்டத்தைப் பற்றிச் சிந்திக்க எண்ணுகிறோம். அக்கூட்டத்தில் பேச்சாளர் பட்டியல் முன்கூட்டி அச்சிடப்படுவதில்லை. தலைமையுரை இல்லை; பொன்னாடை இல்லை. வந்தவர்களே பொருளைத் தேர்ந்து, வந்தவர்களே பேசி, வந்தவர்களே கேட்டுக் கலைகிறார்கள். இச்செய்தி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகளின் பிழைப்போடும் தன்மானத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்பதே நம் விடை.

அறிவு இருந்தது, இருக்கை இல்லை

நாம் நிற்கும் இம்மண்ணிலிருந்தே தொடங்குவோம். தாங்கல் என்றால் இவ்வட்டாரத்தில் சிறிய ஏரி என்று பொருள். செங்கற்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. மதகைத் திறந்து மூடி, கடைமடை வயல் வரையில் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தமிழகத்தின் பல பகுதிகளில் நம் மக்களாகவே இருந்தனர். ஏரியில் எத்தனை நாளுக்கு நீர் நிற்கும், எந்தக் கரை கசியும், எந்த வயலுக்கு முதலில் நீர் வேண்டும் என்பவற்றை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அது தொழில்நுட்பம் அல்லாமல் வேறென்ன? ஆயினும் ஊர் கூடி முடிவெடுத்தபோது அவர்களுக்கு அந்த அவையில் இருக்கை தரப்படவில்லை. முடிவைக் கேட்டுக்கொண்டு போகும்படி எட்டத்தில் நிறுத்தப்பட்டார்கள். நமக்கு மறுக்கப்பட்டவற்றில் நிலத்தையும் நீரையும் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூடிப் பேசும் இடம் மறுக்கப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

அந்த இடத்தை நம் முன்னோர் தாமே உண்டாக்கினார்கள். இதே மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவென்று பிறர் எறிந்த சொல்லையே தலைப்பாக வைத்தார். 1930, 1931 ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இதழ் தொடங்கி, படிப்போரும் எழுதுவோருமாகிய ஒரு கூட்டத்தையே வளர்த்தார். அண்ணல் 1924-இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, கற்பித்தலையும் கிளர்ச்சியையும் ஒன்றுதிரட்டலையும் தன் முழக்கமாகக் கொண்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. கல்வி வேண்டுமென்று சொன்னவர்கள், பிள்ளைகள் ஒருங்கிருந்து கற்க ஒரு கூரையும் வேண்டுமென்று உணர்ந்திருந்தார்கள்.

இக்கூட்டமுறை வந்த வழி

1985-இல் அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர் ஒரு மாநாட்டை நடத்தும் பொறுப்பை ஏற்றார். முந்திய மாநாடுகளில் மிகுந்த பயன் தந்தது எதுவென்று பார்த்தபோது, மேடைச் சொற்பொழிவுகளைவிடக் காப்பி இடைவேளைப் பேச்சே என்பது புலனாயிற்று. அவ்வாறாயின் மாநாடு முழுவதையும் இடைவேளைபோல ஆக்கினால் என்ன என்று எண்ணினார். நாற்காலிகளை வட்டமாக இட்டு, பேச விரும்புவோர் தம் பொருளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் செய்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஒரு சிற்றூரார் ஏற்பாட்டுக் குழு எதுவுமின்றி நாள்கணக்கில் திருவிழா நடத்தியதைக் கண்டதும் தமக்கு வழிகாட்டியது என்று அவரே கூறியிருக்கிறார். ஆதலால் இம்முறையின் வேர்களில் ஒன்று கறுப்பின மக்களின் கிராமத்தில் இருக்கிறது.

2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் 'பார் கேம்ப்' பிறந்தது. அதற்கு முன்பு, ஒரு பெரும் பதிப்பகத்தார் தேர்ந்தெடுத்து அழைத்தோர் மட்டுமே கலந்துகொள்ளும் 'ஃபூ கேம்ப்' என்னும் கூடுகை நடைபெற்று வந்தது. யாருக்கும் அழைப்பு வேண்டாம், வருகிறவர் வரட்டும் என்று சில இளைஞர்கள் ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்த மாற்றுக் கூட்டமே பார் கேம்ப். ஏறத்தாழ 200 பேர் வந்தனர். அங்கே ஒரு வேடிக்கையான விதி இருந்தது: முதன்முறை வந்தவர் கட்டாயம் ஏதேனும் பேசியே ஆகவேண்டும். அடுத்த ஆண்டே இம்முறை இந்தியாவுக்கு வந்தது. 2006 ஏப்ரலில் சென்னையில் பார் கேம்ப் நடந்தது. 2007 ஆகஸ்டில் தமிழில் இணையத்தில் எழுதுவோர் சென்னையில் ஒரு பட்டறை நடத்தி, தமிழில் தட்டச்சு செய்வதை ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொண்டனர்.

நமக்கு இன்னும் நெருக்கமானவை கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் கூட்டங்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடினர். காஞ்சிபுரத்தில் அவ்வாறே ஒரு குழு உண்டு. விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கும் குழு, சிற்றூர் மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணினி கற்பிக்கிறது. பன்னாட்டு டெபியன் திட்டத்தைச் சார்ந்த சிறு மாநாடு ஒன்றை 2023 சனவரி 28, 29 நாள்களில் அக்குழு விழுப்புரத்திலேயே நடத்திக் காட்டியது. பெங்களூருவில், குடிசைப்பகுதி ஒன்றில், மென்பொருள் பணியாளர்கள் தொண்டர்களாக வந்து அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தை நடத்தினர். அங்கே குழந்தைகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஓவியம் தீட்டக் கற்றனர். பெருநகரமும் பெரும்பொருளும் இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று.

நேரில் கூடுவது ஏன்?

கைபேசியில் இல்லாத பாடமா என்று இளைஞர்கள் கேட்கலாம். பாடம் இருக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எழுதிய நிரல் ஓடாமல் நிற்கும்போது, எந்த வரியில் பிழை என்று சுட்டிக்காட்டப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 'இது உன்னால் முடியும்' என்று சொல்ல, முன்பே அதைச் செய்து காட்டிய நம் தெருப் பிள்ளை ஒருவர் கண்ணெதிரே வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புதுவேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் ஒருவர் வழியாக அச்செய்தியைப் பெற்றவர் 100-க்கு 17 பேர் மட்டுமே. ஏனையோர்க்கு எப்போதாவது காணும் அறிமுகத்தாரிடமிருந்தே செய்தி கிடைத்தது. உற்றார் அறிந்தது நாமும் அறிந்ததே. புதிய செய்தி அப்பாலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர் கண்ட காரணம். நம்மிடம் உறவு நிறைய உண்டு. அவ்வகை அறிமுகம் குறைவு. அலுவலகத்தில் பணிபுரிந்த தந்தையும் மாமனும் உள்ள வீட்டில், அந்த அறிமுகம் பிள்ளைக்குத் தானே வந்து சேர்கிறது. நம் வீட்டுப் பிள்ளை அதை வெளியே சென்று தேட வேண்டியிருக்கிறது.

தகுதி ஒன்றே போதும் என்று சொல்வோர்க்கும் விடை உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்கள் வெவ்வேறு சாதிப் பெயர்களில் அனுப்பப்பட்டன. தலித் பெயரில் சென்ற விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் சாத்தியம், உயர்சாதிப் பெயரில் சென்றதற்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. தமிழகத்தில் பெயரோடு சாதியை எழுதும் வழக்கம் மறைந்துவிட்டது உண்மை. ஆனால் 'எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு' என்னும் கேள்வி மறைந்துவிட்டதா? எண்ணிப் பாருங்கள். பரனூர்ப் பக்கம் கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன; சிறுசேரியிலும் எழுந்துள்ளன. அவற்றின் வாயிற்காவலுக்கும் துப்புரவுக்கும் நம்மவர் எளிதாக உள்ளே செல்கிறார்கள். கணினியின் முன் அமர்வதற்குச் செல்லும்போதுதான் வழி நீள்கிறது.

திறந்த கதவும் அதன் மறைவும்

ஆதலால் இக்கூட்டங்களை நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் கூடாது. யாரும் வரலாம் என்று எழுதி வைத்துவிட்டால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தால் தமிழில் படித்தவர் வாய் திறவார். நகரின் நடுவே மாலை முடிந்தால் கடைசிப் பேருந்தை எண்ணிப் பெண்கள் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கூலி வேலைக்குச் செல்லும் இளைஞர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லாதிருந்தும் ஒருநாள் ஊதியம் செலவாகிறது. ஜோ ஃப்ரீமன் என்னும் அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் 1970-இல் ஆற்றிய உரையொன்றில் இதை விளக்கினார். தலைமையும் விதியும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களில், ஏற்கெனவே நண்பர்களாயிருப்போர் கண்ணுக்குத் தெரியாத தலைமையாக அமர்ந்துவிடுகிறார்கள். விதி எழுதப்படாததால் அவர்களைக் கேள்வி கேட்கவும் வழியில்லை என்றார் அவர். எழுதப்படாத விதிகளால் வதைபட்ட நமக்கு இதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாம் நடத்தும் கூடுகை

ஆகவே நம் வெள்ளிவிழா ஆண்டு முதல் மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தகைய கூடுகையை நாமே நடத்தலாம் என்பது நம் கருத்து. இதற்கு ஒரு கூடம், ஒரு கரும்பலகை, மின்சாரம், குடிநீர், தேநீர் ஆகியவை போதும். கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து அரைமணிக்கு ஒன்றாக நேரத்தைக் குறிப்போம். காலையில் வருகிறவர் தாம் சொல்ல விரும்புவதையோ கேட்டறிய விரும்புவதையோ ஒரு கட்டத்தில் எழுதுவார். கணினி மட்டுமே பொருளாக வேண்டுமென்பதில்லை. கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது, கைபேசியில் நிலப்பதிவேட்டைப் பார்ப்பது, மோட்டார் பம்பைப் பழுது பார்ப்பது, முதல் நேர்காணலுக்குச் சென்று வந்த பட்டறிவு ஆகிய யாவும் பொருளாகும். தமக்குப் பயன்படாத பேச்சிலிருந்து எவரும் எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போகலாம். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

விதிகளை எழுதிச் சுவரில் மாட்டுவோம். பேச்சு தமிழில் நடக்கட்டும். ஆங்கிலச் சொல் வந்தால் சொன்னவரே விளக்கட்டும். காலையின் முதல் இரண்டு கட்டங்கள் இதுவரை பேசாதவர்க்கு உரியவை. அவற்றில் ஒன்று பெண்களுக்கு உரியது. கூடுகை பகலிலேயே முடியவேண்டும். நடத்தும் பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைமாற வேண்டும். ஊர்த்தெருவிலிருந்து வருவோரையும் மனமுவந்து வரவேற்போம். அவர்கள் நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பானையில் நீர் அருந்தட்டும். 1927-இல் மகாடில் அண்ணல் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகி நிலைநாட்டியது அந்தச் சமத்துவத்தைத்தான்.

ஒரு குறிப்பேடும் கட்டாயம் வேண்டும். இவ்வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்த வழக்கம் நெடுங்காலத்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த மக்கள், வேட்டைக்காரர்களைத் தடுக்க உரிமை கேட்டனர். 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அதை ஆவணமாக்கித் தந்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் இவ்விடம் பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வழக்கம் எழுத்தில் ஏறியதால் நிலைபெற்றது. யார் வந்தார், எதைக் கற்பித்தார், யாருக்கு என்ன உதவி தேவை, அது நிறைவேறிற்றா என்பவற்றை நாமும் எழுதி வைப்போமானால், நமக்குப் பின் வருவோர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிராது.

இளைஞர்களே! வேலை கிடைத்து வெளியூர் செல்லுங்கள். அதுவே நம் விருப்பம். சென்றபின் ஆண்டில் நான்கு ஞாயிறுகளேனும் இங்கு வந்து ஒரு கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். நீங்கள் அறிந்த ஒரு நிறுவனத்தின் கதவு எப்படித் திறக்கும் என்று அடுத்தவர்க்குச் சொல்லுங்கள். மூத்தோர்களே! நீங்கள் அறிந்த ஏரிக்கணக்கையும் போராட்ட வரலாற்றையும் அதே கரும்பலகையில் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். முதல் கூடுகைக்கு நாள் குறிக்கும் பொறுப்பை இந்த அவையிடமே விடுகிறோம். கலைந்து செல்வதற்கு முன் அந்த நாளை முடிவு செய்யுங்கள்.